மூன்று விரல்

பெரியவளுக்குக் கண் தெரியாது என்று அந்தத் தெருவில் யாரும் வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை. "கொஞ்சம் பார்வை கம்மி" என்பார்கள். அந்தக் 'கொஞ்சம்' அவளாகவே ஊருக்குக் கொடுத்தது. பள்ளிக்கூடம் போகிற வயதில் மாலைக்கண்ணாகத் தொடங்கி, வருஷா வருஷம் ஓரங்களைத் தின்றுகொண்டே வந்து, நடுவில் சாவித் துவாரம் அளவுக்கு மிச்சம் வைத்து, பிறகு அதையும் அடைத்துவிட்டுப் போன நோய் அது. அடைத்துவிட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. 'கொஞ்சம்' மட்டும் வீட்டை விட்டுக் கிளம்புவதாக இல்லை.

வீட்டில் அவளும் சின்னவளும்தான். அம்மா முன்னாடியே போய்ச் சேர்ந்துவிட்டாள், அப்பா பின்னாடி. பெரியவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிற வேலை. சூடு ஆறாத போர்வைகள் குவியல் குவியலாக மேஜையில் வந்து விழும். ஓரத்தில் விரலை ஓட்டினால் தையல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதை உள்ளே விட்டு, மூலையோடு மூலை சேர்த்து, ஓர் உதறு, ஒரு மடி. கிழிசல் தட்டுப்பட்டால் தனிக் கூடையில். சின்னவள் சட்டை தைக்கிற கம்பெனியில் மெஷின் ஓட்டினாள். அக்கா வேலைக்குக் கண் வேண்டாம், தங்கை வேலைக்குக் கண் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது.

அப்பா இருந்த காலத்தில் சாப்பாட்டு மேஜையில் ஒரு பரீட்சை நடக்கும். தட்டில் சாப்பாடு விழுந்ததும் அவர் கையைத் தூக்கி விரல்களை நீட்டிப் பிடித்து, "இது எத்தனை?" என்பார். கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவர்கள் பிள்ளைகளைப் படுத்துகிற பாட்டைக் கெட்டவர்கள்கூடப் படுத்த மாட்டார்கள். சரியாகச் சொன்னால், "பாத்தியா, தேறிட்டு வருது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவார். தப்பாகச் சொன்னால் பாதித் தட்டோடு எழுந்து போய்விடுவார். அவர் நாற்காலியைத் தள்ளுகிற அந்தச் சத்தத்துக்குப் பயந்தே பெரியவள் பொய் சொல்லக் கற்றுக்கொண்டாள்.

சின்னவள் அப்போது மேஜைக்கு மேலே தலை தெரிகிற அளவுக்குத்தான் வளர்ந்திருந்தாள். எதிரே உட்கார்ந்து, மேஜைக்கு அடியில் காலை நீட்டி, அப்பா எத்தனை விரல் காட்டுகிறாரோ அத்தனை தட்டு அக்காவின் பாதத்தில் தட்டுவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளுக்குத் தானாகவே தோன்றியது. அவள் முன்னாடியே தூங்கிப்போன நாட்களில் பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு "மூணு" என்பாள். அப்பா பெரும்பாலும் மூன்றுதான் காட்டுவார். ஒன்று காட்டினால் ரொம்பச் சுலபம், ஐந்து காட்டினால் கேலி என்று நினைத்தாரோ என்னவோ. கண் டாக்டர், இது ரத்தத்தில் வருகிற நோய், சின்னப் பெண்ணையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். "அவளுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க வாயை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்த அப்பா, அதற்கப்புறம் அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

பெரியவள் ஓட்டக்காரி ஆனது அந்த மேஜையிலிருந்து தப்பிக்கத்தான். பார்வையற்றவர்களுக்கான ஓட்டத்தில் கூடவே ஒருவர் ஓடுவார், இரண்டு பேர் கையையும் ஒரு சின்னக் கயிறு சேர்த்திருக்கும். அவளோடு கூட ஓடியது சின்னவள். மைதானத்தில் யாரும் எத்தனை விரல் என்று கேட்பதில்லை. நன்றாகவே ஓடினாள், பதக்கமும் வாங்கினாள். பத்திரிகையில் 'இருளை வென்றவர்' என்று போட்டார்கள். இருள் எங்கே தோற்றது? அது பாட்டுக்கு வீட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்த நாளிலும் தெருமுனையில் அவள் சொன்னது, "எனக்குக் கொஞ்சம் தெரியும்ணே, பரவால்ல" என்றுதான்.

பிறகு ஒரு நாள் பயிற்சியில், பாதையில் யாரோ விட்டுப் போயிருந்த இரும்பு ஸ்டாண்டில் பெரியவள் முழு வேகத்தில் போய் மோதினாள். வலது முட்டி போயிற்று. ஸ்டாண்டை விட்டவனை எல்லோரும் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். சின்னவள் மட்டும் திட்டவில்லை, அழுதாள். அக்கா மேல் அவ்வளவு உயிர் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். டாக்டர், "ஓட்டத்தை மறந்துடுங்க. வேணும்னா தண்ணியில இறங்குங்க" என்றார்.

இறங்கினாள். நகராட்சி நீச்சல்குளத்தில் கழுத்தில் ஊதலோடு அலைகிற ஒருவர் இருந்தார். அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் விசில். விசில் நீண்ட கழியின் முனையில் ஒரு பந்தைக் கட்டி வைத்துக்கொண்டு, சுவர் நெருங்கும்போது அவள் தலையில் லேசாகத் தட்டுவார். பேச்சு சுவாரஸ்யத்தில் சில நாள் தட்ட மறந்துபோவார். விரல் வீங்கும். அப்படி வீங்கிய ஒரு நாள், "ஏண்ணே, இந்தச் சுவரை எங்கயாவது கொண்டுபோய் வைக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

"கடல்ல சுவரே கிடையாதும்மா" என்றார் விசில்.

முட்டி போனதிலிருந்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான். விடுமுறை நாள் காலைகளில் விசிலோடு ஒரு கூட்டம் துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள வளைகுடாவில் நீந்தப் போகும். வருஷத்துக்கு ஒரு தடவை பழைய படகுத்துறையிலிருந்து எதிர்க்கரை வரைக்கும் போட்டியும் உண்டு. "அதுல நானும் நீந்தறேன்" என்று அப்போதே சொல்லிவிட்டாள்.

சின்னவள் கம்பெனியிலிருந்து பட்டையான இடுப்பு எலாஸ்டிக் கொண்டுவந்து, இரண்டாக மடித்துத் தைத்து, இரண்டு பேர் இடுப்பையும் சேர்க்கிற மாதிரி ஒரு கயிறு செய்தாள். ஓர் இழுப்பு இழுத்தால் என் பக்கம் வா, இரண்டு இழுத்தால் நில். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்கு நீச்சல் தெரியும். கடலில் ஆரஞ்சு நிற மிதவைகள் போட்டிருக்கும். நீந்துவதற்கு நடுவே தலையைத் தூக்கி அதைப் பார்த்துப் பார்த்து வழி சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு.

கடல் பெரியவளுக்குப் பிடித்துப்போயிற்று. தரையில் அவளுக்கு எல்லாமே மோதுவதற்கென்று காத்திருக்கிற பொருள். தண்ணீரில் மோத ஒன்றும் இல்லை. காலை நேரத்தில் அலை இடது தோளில் வந்து ஏறி வலது பக்கம் இறங்கிப்போகும். அந்த ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கிற வரைக்கும் எதிர்க்கரையைப் பார்த்துத்தான் போகிறோம் என்று அவள் தானாகவே கண்டுகொண்டாள். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. வழி பார்ப்பவள் இருக்கும்போது வழி தெரியாதவள் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்?

வாயைத் திறக்காமல் இருந்தது அந்த ஒரு விஷயத்தில் மட்டுமில்லை. வீட்டில் ஸ்டூல் இடம் மாறியிருந்தால் சின்னவளின் கால் போய் அதில் இடிக்கிற சத்தம் கேட்டது. டீ டம்ளருக்கு வெளியே விழுந்து மேஜையில் ஓடுகிற சத்தம் கேட்டது. சாயங்கால ஷிஃப்ட் வேண்டாம், தலை வலிக்கிறது என்றாள். இந்தச் சத்தங்களைப் பெரியவளைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? தன் வாழ்க்கையை யாரோ பக்கத்து அறையில் மறுபடி ஓட்டிக்காட்டுவது மாதிரி இருந்தது அவளுக்கு. கேட்டாள், எழுந்துபோய் ரேடியோவைக் கூட்டி வைத்தாள். அவளைக் குறை சொல்வது சுலபம். நம் வீட்டில் நடந்தால் நாமும் ரேடியோவைத்தான் கூட்டுவோம்.

போட்டி நெருங்கிய சமயத்தில் ஒரு நாள் காலை இரண்டு பேரும் பயிற்சிக்கு இறங்கினார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாதி தூரத்தில் பெரியவளுக்கு ஒன்று உறைத்தது. கயிறு அடிக்கடி வெட்டி வெட்டி இழுபடுகிறது. சின்னவள் வழக்கத்தைவிட அதிகமாகத் தலையைத் தூக்குகிறாள், தூக்கிய தலையை இறக்காமல் தேடுகிறாள். பிறகு அலை இடது தோளை விட்டு நகர்ந்து நேராக முகத்தில் அடிக்க ஆரம்பித்தது. எதிர்க்கரையை விட்டு வெளிக்கடலைப் பார்த்துப் போகிறோம் என்று பெரியவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

இரண்டு தடவை இழுத்து நிறுத்தியிருக்கலாம், செய்யவில்லை. இழுத்தால் ஏன் என்று கேட்க வேண்டும், கேட்டால் பதில் வரும். அந்தப் பதிலுக்குப் பயந்துகொண்டு, தப்பு என்று தெரிந்த திசையிலேயே கையை மாற்றி மாற்றிப் போட்டாள். பக்கத்தில் சின்னவளும் அதே பயத்தில் அதே திசையில் நீந்திக்கொண்டிருந்தாள். தண்ணீர் குளிர்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் ஒரு மீன்பிடிப் படகு சத்தம் போட்டுக்கொண்டு வந்து இரண்டு பேரையும் தூக்கிப் போட்டது.

"மிதவை அந்தக் கோடியில கிடக்கு, நீங்க இங்க எங்க வந்தீங்க?" என்றான் படகுக்காரன். "அவங்களுக்குத்தான் கண்ணு இல்ல. உனக்கு என்னம்மா வந்துது?"

"வெயில்ல கண்ணு கூசிடுச்சு" என்றாள் சின்னவள்.

படகு திரும்பியது. பெரியவளுக்குப் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. அப்புறம் அவள் செய்ததற்கு தன்னையே அவள் கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை. வலது கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, படகின் ஓரத்தோடு கீழே தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நான் எத்தனை விரல் காட்டறேன்?"

எதிர்ப்பலகையில் சின்னவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். மேஜைக்கு அடியில் தட்டிச் சொல்ல இப்போது ஆள் இல்லை.

"என்னக்கா இது, விளையாட்டு?"

"சொல்லு."

"மூணு" என்றாள் சின்னவள்.

பெரியவளின் கை மூடியிருந்தது.

"நான் ஒண்ணுமே காட்டலடி" என்றாள்.

கரை வரும் வரைக்கும் மோட்டார்ச் சத்தம் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து ஈரத் துணியைக்கூட மாற்றாமல் சின்னவள் எல்லாவற்றையும் கொட்டினாள். நடுவில் மட்டும் தெரிகிறதாம். ஊசி முனையைப் பார்க்கிறபோது துணி தெரியாது, துணியைப் பார்க்கிறபோது ஊசி தெரியாது. கம்பெனியில் இரண்டு தடவை விரலில் தைத்துக்கொண்டாளாம், சொன்னால் வேலை போய்விடும்.

"எப்பலேர்ந்து?"

"நீ ஓடிட்டு இருந்தப்பவே." சின்னவள் ஈரத் துணியின் ஓரத்தைப் பிழிந்தாள். "அந்த ஸ்டாண்டை நான் பாக்கலக்கா. இருந்துது, நான்தான் பாக்கல."

பெரியவளுக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. பார்வையே இல்லாத கண்ணை நம்பி முட்டியைக் கொடுத்திருக்கிறோம் என்று வயிறு எரிந்தது. "அப்பவே சொல்லியிருந்தா நான் ஓடிட்டு இருந்திருப்பேன்" என்றாள். அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அடுத்த சில நாட்கள் அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன. சின்னவள் டீ வைத்துவிட்டுப் போவாள், பெரியவள் அதைத் தொடமாட்டாள். சலவைக்கூடத்தில் போர்வையை உதறுகிற உதறலில் பக்கத்தில் நிற்கிறவர்கள் நகர்ந்து நின்றார்கள்.

கோபம் எத்தனை நாள் நிற்கும்? அது இறங்கியபோது அடியில் கிடந்தது அதைவிட மோசமான ஒன்று. பொய் சொல்லச் சின்னவள் யாரிடம் கற்றுக்கொண்டாள்? நாற்காலி நகரக் கூடாது என்பதற்காக, மேஜைக்கு மேலே தலை மட்டும் தெரிகிற ஒரு குழந்தையைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டது யார்? கண் போவது என்றால் மூடி மறைக்க வேண்டிய அசிங்கம் என்று, வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல், தினமும் தெருமுனையில் பாடம் நடத்தியது யார்? பெரியவள் சலவைக்கூடத்து மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். மடித்து வைத்த தலையணை உறைகளில் மேலே இருந்தது நனைந்துபோய், திரும்பத் துவைக்கப் போயிற்று.

பீரோவுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கோல் கிடந்தது. எப்போதோ பார்வையற்றோர் சங்கத்தில் கொடுத்தது, பிரிக்காத உறையோடு கிடந்தது. மறுநாள் காலை அதை எடுத்துத் துடைத்தாள். வழக்கமாகத் தங்கையின் தோளில் கைவைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே போகிற மாதிரிப் போவாள். அன்றைக்குத் தனியாக, கோலைத் தட்டிக்கொண்டு படியிறங்கினாள். தெரு முழுக்க அந்தச் சத்தம் கேட்பதுபோல இருந்தது.

"என்னம்மா, பார்வை ரொம்பக் கம்மியாயிடுச்சா?" என்றார் முனையில் இருந்த பேப்பர் கடைக்காரர்.

"கம்மி இல்லண்ணே. சுத்தமா இல்ல. எப்பவோ போயிடுச்சு."

அவர், "அப்படியா, சரி சரி" என்றார். இத்தனை காலம் கட்டிக்காத்தது இரண்டு 'சரி'யில் முடிந்துபோயிற்று. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்காகவா என்றிருந்தது.

சாயங்காலம் சின்னவள் வாசலிலேயே மறித்துக்கொண்டாள். "வேணும்னே பண்றியா? எனக்குக் காட்டறதுக்கா?"

"ஆமா" என்றாள் பெரியவள். "உனக்குக் காட்டறதுக்குத்தான். முன்னாடியே காட்டியிருக்கணும்."

சின்னவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் வாரம் திரும்புவதற்குள் இரண்டு பேரும் அந்தக் கண் டாக்டரிடம் போய் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தலை நரைத்து, இன்னும் அதே ஆஸ்பத்திரியில் இருந்தார். நல்ல செய்தி ஒன்றும் அவரிடம் இல்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் சின்னவள் மெதுவாகக் கேட்டாள்.

"கடைசியில எப்படிக்கா இருக்கும்?"

பெரியவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வாய் வந்தது. அதை அடக்கிக்கொண்டாள். "கஷ்டமாத்தான் இருக்கும். நிறைய அழுவே. எல்லார் மேலயும் எரிஞ்சு விழுவே, முக்கியமா என் மேல. அப்புறம் ஒரு நாள் டீ போடணும்னு எழுந்திருப்பே, போடுவே. அவ்வளவுதான். அதுக்கு மேல நான் சொன்னா பொய்."

சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "போட்டிக்கு வேற ஆளைப் பாத்துக்கோ. நான் வழி காட்ட முடியாது" என்றாள்.

"வழி யாரு காட்டச் சொன்னா? கூட வா" என்றாள் பெரியவள்.

விசிலிடம் சொன்னார்கள். அவர் ஊதலை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, முன்னால் போகிற ஒரு படகின் பின்பலகையில் தானே உட்கார்ந்து வழி நெடுக ஊதுவதாகவும், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரலாம் என்றும் சொன்னார். "தலையில தட்ட மறந்தேனே, அந்தக் கடன் தீரட்டும்" என்றார்.

போட்டியன்று படகுத்துறையில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, கை தட்டச் சொல்லிக்கொண்டு வந்த மனிதர் இவர்கள் பக்கம் வந்ததும் குரலைக் குழைத்துக்கொண்டார். அந்தக் குழைவு பெரியவளுக்குப் பழக்கம்தான். "அடுத்ததாகப் பார்வையற்ற ஒரு சகோதரி! அவருக்குக் கண்ணாக இருந்து வழிகாட்டும் அவருடைய அன்புத் தங்கை!"

கயிறு அசைந்தது. சின்னவள் ஓர் அடி முன்னால் போயிருந்தாள்.

"சார், நான் வழிகாட்டி இல்ல. எனக்கும் கண்ணு போயிட்டு இருக்கு." ஒலிபெருக்கி அதையும் வாங்கிக் கரை முழுக்கச் சொன்னது. "ரெண்டு பேர்னு சொல்லுங்க."

கை தட்டல் வரவில்லை. அங்கங்கே உச்சுக்கொட்டினார்கள். அந்த மனிதர் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அந்தக் கூட்டத்தில் கம்பெனி ஆட்களும் உண்டு என்று இரண்டு பேருக்கும் தெரியும். நாளைக்கு மெஷினுக்கு முன்னால் உட்கார விடுவார்களா என்பது நாளைய கவலை. பெரியவள் தங்கையின் கையைத் தேடிப் பிடித்தாள். அது ஜில்லென்றிருந்தது.

நீந்தினார்கள். முன்னால் ஊதல், இடது தோளில் அலை, இடுப்பில் கயிறு. எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகும் இவர்கள் நடுக்கடலில் இருந்தார்கள். ஒரு சமயம் அலை முகத்துக்கு வந்தது. பெரியவள் இந்தத் தடவை காத்திருக்காமல் ஓர் இழுப்பு இழுத்தாள், சின்னவள் அவள் பக்கம் வந்தாள். ஒரு சமயம் சின்னவள் நின்று இருமி அழுதாள், உப்புத் தண்ணீர் போய்விட்டது என்றாள். இருக்கட்டும் என்று பெரியவளும் கூடவே மிதந்துகொண்டிருந்தாள். விசில் ஊதுவதை நிறுத்தவே இல்லை.

எதிர்க்கரையில் ஏறியபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம் கேட்டது. கை தட்டுவதற்கு விசிலும் படகை வலித்தவரும்தான் இருந்தார்கள். பெரியவள் மணலில் முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். கயிறு இழுத்தது. சின்னவள் நின்றுவிட்டிருந்தாள்.

"என்னடி?"

"சும்மா."

"குளிரலையா? வா."

"இரு. உன் மூஞ்சியைப் பாக்கறேன்" என்றாள் சின்னவள். "இன்னும் தெரியுது. பாத்து வச்சிக்கறேன்."

பெரியவள் முகத்திலிருந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள். தொப்பியைக் கழற்றி, நெற்றியில் ஒட்டிக்கிடந்த மயிரை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். குரல் வந்த பக்கம் திரும்பி, "பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அசையாமல் நின்றாள்.